ரிசல்ட்டும் இன்சல்ட்டும் ஒரே குடும்பம்: குதிக்கிற ஆங்கிலச் சொற்களை வேரோடு பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாதிரித் தேர்வில் 'டெசல்டரி' என்ற சொல்லுக்கு 'அவமானப்படுத்துகிற' என்று விடை குறித்துவிட்டு, ரொம்ப நம்பிக்கையோடு எழுந்து வந்தேன். இன்சல்ட் மாதிரியே ஒலிக்கிறதே, பங்காளியாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பங்காளி என்பது சரிதான், அர்த்தம்தான் தப்பு. டெசல்டரி என்றால் ஒன்றிலும் நிலைக்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாவுகிற என்று பொருள். என்னிடம் இருந்த பயிற்சிக் குறிப்பில் வேர்ச்சொல் அட்டவணை ஒன்று இருந்தது, அதில் 'சலீரே = குதி' என்று ஒரே ஒரு வரி, அதைத் தாண்டி ஒன்றும் கிடையாது. எப்படிக் குதிப்பது, எங்கே குதிப்பது, யார் மேல் குதிப்பது என்று அது சொல்லவே இல்லை. சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

அதனால் இதை அட்டவணையாக எழுதப்போவதில்லை. ஒவ்வொரு படியாகப் போவோம். ஒரு வசதியும் நமக்கு இருக்கிறது: குதிப்பதை வைத்துப் பேசுவது தமிழனுக்குப் புதிதல்ல. 'என்கிட்ட எகிறாதே', 'ரொம்பத்தான் குதிக்கிறான்', 'கேள்வி கேட்டதும் மேலே பாய்ந்துவிட்டார்', 'விலை எகிறிவிட்டது' என்று தினமும் சொல்கிறோம். ரோமானியர்களும் இதையேதான் செய்தார்கள்.

படி 1: இரண்டு வினைகளைப் பிடியுங்கள்

லத்தீனில் 'சலீரே' என்றால் குதிப்பது. அதே வேரிலிருந்து வந்த 'சல்தாரே' என்றால் திரும்பத் திரும்பக் குதிப்பது, அதாவது ஆடுவது. ஒரு தடவை எம்பினால் சலீரே, எம்பிக்கொண்டே இருந்தால் சல்தாரே. குதிப்பு என்ற பெயர்ச்சொல் 'சல்துஸ்'. ஆக வேர் 'சல்'. சில சொற்களில் அதன் பின்னால் ஒரு 'ட்' ஒட்டியிருக்கும், சிலவற்றில் இருக்காது, அவ்வளவுதான்.

குதிப்பதும் ஆடுவதும் அங்கே எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ரோமில் ஒரு பூசாரிக் கூட்டமே சாட்சி. போர்க்கடவுள் மார்ஸுக்கு 'சாலீ' என்று 12 பேர் கொண்ட குழு இருந்தது, பெயரே 'குதிப்பவர்கள்' என்றுதான் பொருள்படும். மார்ச் மாதத்தில் பழங்காலப் போருடையும் கேடயமுமாகத் தெருத்தெருவாகக் குதித்து ஆடிப் பாடிப் போவார்கள். கேடயங்களில் ஒன்று வானத்திலிருந்து விழுந்தது, யாரும் திருடிவிடக் கூடாது என்று அதே மாதிரி இன்னும் 11 செய்து கலந்துவிட்டார்கள் என்று கதை. அவர்கள் பாடிய பாட்டு எவ்வளவு பழையது என்றால், பாடுகிற பூசாரிகளுக்கே அர்த்தம் சரியாகப் புரியாது என்று குவின்டிலியன் என்ற ரோமானிய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை.

படி 2: உயிரெழுத்து மாறுவதைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான குறிப்புகள் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. இது புரியாவிட்டால் மற்ற எல்லாம் மனப்பாடம்தான். 'சல்' என்பதுதான் வேர் என்றால் ரெசிலியன்ட்டில் ஏன் 'சில்' வருகிறது? ரிசல்ட், இன்சல்ட் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஏன் எஸ்ஸுக்குப் பிறகு 'யு' வருகிறது, ஏன் 'ஏ' இல்லை?

மிகப் பழைய லத்தீனில் சொல்லின் முதல் அசையில்தான் அழுத்தம் விழும். முன்னொட்டு ஒன்றைச் சேர்த்ததும் வேர் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு அழுத்தம் இழக்கிறது, அதிலுள்ள 'அ' மெலிகிறது. மெலிந்து இரண்டு விதமாகப் போகிறது. பின்னால் இன்னொரு உயிர் சேர்ந்து அசை திறந்திருந்தால் 'அ' என்பது 'இ' ஆகும்: ரே என்பதோடு சலீரே சேர்ந்தால் ரெசலீரே இல்லை, ரெசிலீரே. பின்னால் 'ல்' வந்து அதை ஒட்டியே இன்னொரு மெய்யும் வந்தால் 'அ' என்பது 'உ' ஆகும்: இன் என்பதோடு சல்தாரே சேர்ந்தால் இன்சுல்தாரே. ஆங்கிலம் அந்த 'யு' எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாயால் மட்டும் 'சல்ட்' என்கிறது, அதனால்தான் காதால் மட்டும் கேட்பவருக்கு மாற்றமே நடக்காத மாதிரி தெரிகிறது.

இந்த மெலிவு குதிக்கிற சொற்களுக்கு மட்டும் உரியதல்ல. ஃபேக்ட் என்பதும் எஃபிஷியன்ட் என்பதும் ஒரே வேர், 'ஃபாக்' என்பது 'ஃபிக்' ஆகியிருக்கிறது. நண்பனுக்கு லத்தீனில் அமிகுஸ், நண்பன் அல்லாதவன் இனிமிகுஸ், அதுதான் பிரெஞ்சு வழியாக வந்து எனிமி ஆனது. நாமும் 'உடம்பு' என்று எழுதிவிட்டு 'ஒடம்பு' என்கிறவர்கள், 'இலை' என்று எழுதிவிட்டு 'எல' என்கிறவர்கள். விதி வேறாக இருந்தாலும் வாய் செய்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆக தேட வேண்டியது மூன்று முகங்களை: சல், சில், சுல்ட்.

படி 3: திசையைக் கேளுங்கள்

முன்னொட்டு என்பது திசை. குதிக்கிற சொல் ஒன்றைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி 'எந்தப் பக்கம் குதிக்கிறது?' என்பதே. ரே என்றால் திரும்பி. இன் என்றால் மேலே, ஒன்றின் மீது. எக்ஸ் என்றால் வெளியே, எழும்பி. டே என்றால் இறங்கி. அட் என்றால் ஒன்றை நோக்கி. கான் என்றால் சேர்ந்து. டிஸ் என்றால் பிரிந்து. அட் என்பதை எஸ் எழுத்துக்கு முன்னால் வைத்தால் அது அஸ் ஆகிவிடும், அதனால்தான் அசால்ட்டில் இரண்டு எஸ். எக்ஸ் என்பதற்குள்ளேயே ஒரு எஸ் ஒலி இருப்பதால் அடுத்த எஸ்ஸை விழுங்கிவிடும், அதனால்தான் எக்சல்ட் என்பதன் எழுத்தில் எஸ்ஸையே காணோம். இந்த இரண்டு விவரமும் எழுத்துப்பிழை வராமல் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கின்றன.

படி 4: சொற்களைக் குதிக்க விடுங்கள்

முதலில் இன்சல்ட். ஒருவன் மேல் ஏறிக் குதிப்பது. விழுந்து கிடக்கிறவன் மேல் ஜெயித்தவன் ஏறி மிதிக்கிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் இதற்குத் திமிராக நடந்துகொள்வது, வென்றுவிட்டோம் என்று ஆடுவது என்றுதான் பொருள் இருந்தது. அச்சு அசலாக நம்முடைய 'ரொம்பக் குதிக்கிறான்'. பிறகுதான் வாயால் செய்கிற அவமானத்துக்குச் சுருங்கியது. தாக்குதல் என்ற பழைய பொருளும் சாகவில்லை, மருத்துவத்தில் உயிரோடு இருக்கிறது: மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ ஏற்படும் சேதத்தை மருத்துவர்கள் இன்சல்ட் என்றே எழுதுவார்கள். மருத்துவ அறிக்கையில் அதைப் பார்த்தால் யாரும் யாரையும் திட்டவில்லை என்று அறிக. ரஷ்ய மொழியில் பக்கவாதத்துக்குப் பெயரே இன்சுல்ட்தான்.

ரிசல்ட். திரும்பிக் குதிப்பது. பாறையில் மோதிய குரல் துள்ளித் திரும்புகிற எதிரொலியை லத்தீன் கவிஞர்கள் இந்த வினையால் சொன்னார்கள். இடைக்கால அறிஞர்கள் அதை வாதத்துக்குக் கொண்டுபோனார்கள், இதிலிருந்து இது எழும்பி வருகிறது, ஆகவே இது விளைவு என்று. தேர்வு எழுதிய எல்லோருக்கும் இந்த உவமை புரியும். மார்ச்சில் நாம் எறிந்தது மே மாதத்தில் சுவரில் மோதித் திரும்பி வருகிறது.

ரெசிலியன்ட்டும் திரும்பிக் குதிப்பதுதான், முன்னொட்டும் அதேதான், ஆனால் ரிசல்ட்டுக்கும் இதற்கும் இன்று பேச்சுவார்த்தையே கிடையாது. இது பொருள்களின் குணமாக ஆரம்பித்தது: வளைத்து விட்டால் பழைய நிலைக்கு வருகிற வில், ஸ்ப்ரிங். இயந்திரப் பொறியியலில் இன்றும் ரெசிலியன்ஸ் என்பது ஒரு பொருள் நிரந்தரமாக நசுங்காமல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கித் திருப்பித் தரும் என்ற அளவு. மனிதர்களுக்கு அதைச் சொல்லும்போது 'உறுதியான' என்று மொழிபெயர்க்கிறார்களே, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாறை உறுதியானது, ஆனால் ரெசிலியன்ட் இல்லை. 'மீண்டெழும்' என்பதே பொருத்தம், ஏனென்றால் அடி வாங்கியதும் அதற்குள் இருக்கிறது.

எக்சல்ட் ரொம்பச் சுலபம், துள்ளிக் குதிப்பது, சந்தோஷத்தில்.

இப்போது என் பழைய எதிரி டெசல்டரி. ரோமின் சர்க்கஸ் மைதானத்தில் 'தெசுல்தோர்' என்று ஒரு வித்தைக்காரன் உண்டு. இரண்டு குதிரைகளைச் சேர்த்து ஓட்டுவான், ஓட்டத்திலேயே ஒன்றின் முதுகிலிருந்து மற்றதன் முதுகுக்குத் தாவுவான். டே என்பது இறங்கி, அதாவது குதிரையிலிருந்து இறங்கிக் குதிப்பது. அந்த வித்தையிலிருந்துதான் நிலைகொள்ளாமல் தாவுகிற பேச்சுக்கும் படிப்புக்கும் இந்தப் பெயர் வந்தது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு: அந்த ஆள் உயிரைப் பணயம் வைத்துத் துல்லியமாகத் தாவியவன், அவன் பெயரை எதையும் உருப்படியாகச் செய்யாதவனுக்கு வைத்துவிட்டார்கள். தமிழ் இலக்கணத்தில் தாவலுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. நன்னூல் சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புபடுகிற நான்கு நிலைகளில் 'தவளைப் பாய்த்து' ஒன்று, பக்கத்துச் சூத்திரத்தை விட்டுவிட்டுத் தள்ளி இருப்பதோடு போய் ஒட்டிக்கொள்வது. அதை யாரும் டெசல்டரி என்று குறை சொல்வதில்லை.

சேலியன்ட்டில் முன்னொட்டே இல்லை, 'குதிக்கிற' என்று மட்டும் பொருள். அரசியலமைப்பின் சேலியன்ட் ஃபீச்சர்ஸ் என்னென்ன என்று கேட்காத இந்தியத் தேர்வுத்தாள் உண்டா? 'சிறப்பு அம்சங்கள்' என்று எழுதிவிட்டுப் போகிறோம், ஆனால் அந்தச் சொல்லின் பின்னால் ஒரு முட்டை இருக்கிறது. அடைகாத்த கோழி முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்த அரிஸ்டாட்டில், வெள்ளைக் கருவில் ஒரு ரத்தப் புள்ளி உயிருள்ளது போலத் துடித்து அசைவதை எழுதினார், குஞ்சின் இதயம் அது. லத்தீனில் அது 'பூங்க்தும் சாலியென்ஸ்', குதிக்கிற புள்ளி. ரத்த ஓட்டத்தைக் கண்டு சொன்ன வில்லியம் ஹார்வி 1651-இல் வெளியிட்ட நூலிலும் அந்தப் பெயர் வருகிறது. அதிலிருந்துதான் 'சேலியன்ட் பாயின்ட்' என்று ஒரு விஷயத்தின் உயிர்ப்புள்ளியைச் சொல்கிற வழக்கம் வந்தது. போரிலும் இதைக் கேட்கலாம்: எதிரியின் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிற முனைப்பகுதிக்கு சேலியன்ட் என்று பெயர். முதல் உலகப்போரில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரைச் சுற்றி இருந்தது அப்படி ஒன்று, மூன்று பக்கமும் எதிரி.

அடுத்து அசால்ட், அசெயில். ஒருவனை நோக்கிப் பாய்வது. (நம் தெருப்பேச்சில் 'அசால்ட்டாக முடித்துவிட்டான்' என்றால் அலட்டிக்கொள்ளாமல் முடித்தான் என்று அர்த்தம், அதை இங்கே மறந்துவிடுங்கள்.) கூர்மையாகப் படித்தவர்கள் இங்கே கையைத் தூக்குவீர்கள்: படி 2 விதிப்படி 'அசுல்ட்' என்றல்லவா வர வேண்டும்? சரியான கேள்வி. செவ்வியல் லத்தீனில் விதிப்படிதான் இருந்தது. ஆனால் பிற்காலத்துப் பேச்சு லத்தீனில் மக்கள் பழைய சொல்லை விட்டுவிட்டு, வேரையும் முன்னொட்டையும் புதிதாக எடுத்து ஒட்டிக்கொண்டார்கள், அப்போது மெலிவு விதி செத்துப்போயிருந்தது. அதனால் 'அ' தப்பித்தது. இதிலிருந்து ஒரு துப்பு கிடைக்கிறது: 'சுல்ட்' என்று இருந்தால் ஏட்டு லத்தீனிலிருந்து வந்தது, 'சால்ட்' என்று இருந்தால் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் வாய் வழியாக வந்தது.

படி 5: பிரெஞ்சு வழிப் பாதை

பிரெஞ்சில் 'ல்' மெய்க்கு முன்னால் வந்தால் கரைந்து 'உ' ஆகிவிடும். சல்துஸ் அங்கே 'சோ' ஆனது, எழுதுவது எஸ்-ஏ-யு-டி. சமையலறையில் சாட்டே பண்ணு என்கிறோமே, அது இந்த வினைதான், 'குதிக்க வைத்த' என்று பொருள். கடாயை ஒரு சுண்டு சுண்டினால் காய் எகிறித் திரும்பி விழ வேண்டும். கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் அது வதக்கல், சாட்டே இல்லை. ரோம் நகரத்தில் கன்றிறைச்சியோடு பன்றித்தொடை இறைச்சியும் சேஜ் இலையும் வைத்துச் செய்கிற 'சால்திம்போக்கா' என்ற உணவு உண்டு, பெயருக்கு அர்த்தம் 'வாய்க்குள் குதி'. இத்தனை பசியோடு வேறு எந்த உணவுக்கும் பெயர் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

குட்டிக்கரணத்துக்கு ஆங்கிலத்தில் சம்மர்சால்ட். கோடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'சுப்ரா' என்ற மேலே, 'சல்துஸ்' என்ற குதிப்பு, இரண்டும் தெற்கு பிரான்சில் சேர்ந்து, உருத் தேய்ந்து, ஆங்கிலேயர் வாயில் சம்மர் ஆகிவிட்டது. அமெரிக்கா, கனடா எல்லையில் சூ செயின்ட் மேரி என்று ஊர் இருக்கிறது, அந்த 'சூ' என்பதை எழுதும்போது எஸ்-ஏ-யு-எல்-டி. ஆறு பாறைகளில் குதித்து இறங்குகிற இடம். கோட்டைக்குள் முற்றுகையில் இருந்தவர்கள் திடீரென்று வெளியே பாய்ந்து தாக்குவது சாலி, அதுவும் இந்த வீடுதான். ஆபாசத்தைக் குறிக்கிற சலேஷியஸும் இதே வீடு, ஆண் விலங்கு பெண் மேல் தாவுவதை வைத்து வந்தது, இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

படி 6: அறிவியல் பக்கம் எட்டிப்பாருங்கள்

விஞ்ஞானிகள் நேரடியாக லத்தீனைத் தோண்டிப் பெயர் வைப்பவர்கள், அதனால் இங்கே வேர் சுத்தமாகத் தெரியும். நரம்பில் மின் சமிக்ஞை, நரம்பிழையைச் சுற்றியிருக்கிற மைலின் என்ற கொழுப்பு உறையைத் தாண்டி, ரன்வியே கணுக்கள் என்கிற இடைவெளிகளில் மட்டும் எழும்பி எழும்பிப் போவதற்கு சால்டேட்டரி கடத்தல் என்று பெயர். அப்படித் தாவுவதால்தான் வினாடிக்கு 100 மீட்டர் வேகம்கூட அதற்குச் சாத்தியமாகிறது. பாலைவனத்தில் காற்று மணல் துகளைச் சின்னச் சின்னத் துள்ளலாக நகர்த்துவது சால்டேஷன். வலை பின்னி உட்காராமல் இரை மேல் பாய்கிற சிலந்திகளின் குடும்பம் சால்டிசிடே, 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள், சிலந்திகளிலேயே பெரிய குடும்பம்.

பெரிய சண்டையும் ஒன்று இந்த வேரைச் சுற்றி நடந்தது. 'இயற்கை தாவல் போடாது' என்று ஒரு லத்தீன் வாசகம், ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751-இல் தன் தாவரவியல் நூலில் எழுதியது. 1859-இல் டார்வின் பரிணாமம் சிறுகச் சிறுகத்தான் நடக்கும் என்று சொல்ல அதை எடுத்துக்கொண்டார். அவருடைய மிகப் பெரிய ஆதரவாளரான ஹக்ஸ்லியே, இப்படி முழுசாக அதைக் கட்டிக்கொண்டு தேவையில்லாத சிக்கலை ஏற்றிக்கொண்டீர்கள் என்கிற மாதிரி அவருக்குக் கடிதம் எழுதினார். பரிணாமம் சில சமயம் தாவும் என்ற கட்சிக்கு இன்றும் சால்டேஷனிசம் என்றே பெயர்.

கன்சிலியன்ஸ் என்பதை ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹ்யூவெல் 1840-இல் வெளியிட்ட நூலில் கொண்டுவந்தார். தனித்தனியான துறைகளில் கிடைத்த சான்றுகள் தாமாக வந்து ஒரே முடிவில் சேர்ந்து குதிப்பது. 'சயன்டிஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கியவரும் இவரே.

படி 7: வேஷக்காரர்களைக் கழித்துவிடுங்கள்

மூன்று முகம் தெரிந்துவிட்டது என்று 'சல்' பார்த்த இடமெல்லாம் குதிக்காதீர்கள். சால்ட், சேலரி, சாலட் மூன்றும் உப்பு, லத்தீனில் அதற்கு 'சால்'. சல்யூட் என்பது 'சலூஸ்', நலம். சைலன்ட்டில் 'சில்' இருக்கிறது, ஆனால் அது மௌனத்துக்கான வேறு வினை. மிக மோசமான வேஷக்காரன் கன்சல்ட்: இன்சல்ட், ரிசல்ட் பக்கத்தில் நிறுத்தினால் உடன்பிறந்தவன் மாதிரியே இருக்கும், ஆனால் அது ஆலோசனை கேட்பதற்கான தனி வினையிலிருந்து வந்தது. சுல்தான் அரபு. சால்மன் மீன் பாதி வழக்கு: ஆற்றோட்டத்தை எதிர்த்துத் துள்ளுகிற மீன் என்பதால் 'குதிப்பவன்' என்று விளக்குவார்கள், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சொல்லாராய்ச்சிக்காரர்கள் அடித்துச் சொல்வதில்லை. தேர்வில் எழுத வேண்டாம்.

அப்புறம், குதிக்கிற சொற்கள் எல்லாமே சலீரே பிள்ளைகள் என்றும் எண்ண வேண்டாம். லீப் ஜெர்மானியச் சொல். போல் வால்ட் என்பதில் உள்ள வால்ட், உருளுதல் என்ற பொருள் தருகிற வோல்வேரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, ரிவால்வருக்குச் சொந்தம். எனக்கு மிகவும் பிடித்தது ஆடு. லத்தீனில் வெள்ளாட்டுக்கு 'காப்பெர்'. ஆட்டுத் துள்ளல் இத்தாலியில் காப்ரியோலா ஆனது, வியன்னாவின் ஸ்பானியக் குதிரைப் பயிற்சிப் பள்ளியில் வெள்ளைக் குதிரை அந்தரத்தில் எழும்பிப் பின்னங்கால்களை உதைக்கிற வித்தைக்கு கேப்ரியோல் என்று பெயராயிற்று. துள்ளித் துள்ளி ஓடிய லேசான குதிரை வண்டிக்கு காப்ரியோலே என்று பெயர் வைத்தார்கள், ஆங்கிலேயர் அதை வெட்டி 'கேப்' ஆக்கினார்கள். ஆம், நீங்கள் போனில் புக் பண்ணுகிற அதே கேப்தான். நம் சாலைகளில் அது இன்றும் ஆட்டுக்குட்டி மாதிரிதான் துள்ளுகிறது.

படி 8: ஒரு சொல்லை நீங்களே பிரியுங்கள்

புதிய சொல் கிடைத்தால் வரிசை இதுதான்: முன்னொட்டைக் கழற்றுங்கள், மிச்சத்தில் மூன்று முகங்களில் எது என்று பாருங்கள், திசையைக் கேளுங்கள், ஒரு தமிழ்க் குதியைப் பொருத்துங்கள் (பாய், தாவு, துள்ளு, எகிறு, தெறி), கடைசியாக நல்ல அகராதியில் சொற்பிறப்புப் பகுதியைத் திறந்து சலீரே என்று இருக்கிறதா என்று சரிபாருங்கள். கடைசி வேலையைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் கன்சல்ட்டில் மாட்டுவீர்கள்.

பயிற்சிக்கு ஒன்று: டிசிலியன்ட். தாவரவியலில் மட்டும் வருகிற அபூர்வச் சொல். டிஸ் கழற்றினால் 'பிரிந்து'. மிச்சம் 'சில்', எனவே குதி. பிரிந்து குதிக்கிற, நாலாபக்கமும் தெறிக்கிற. எதைச் சொல்வார்கள்? முற்றியதும் தானாக வெடித்து விதையைச் சிதறடிக்கிற காயை. காசித்தும்பைக் காயைச் சின்ன வயதில் விரலால் தொட்டுப் பார்த்திருந்தால், எச்சில் பட்டதும் வெடிக்கிற கனகாம்பரக் காயை வாயில் வைத்து அலறியிருந்தால், இந்தச் சொல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.